எண்ணெய் வண்ணம் பழக வரும் பிள்ளைகளுக்கு

1. முதல் ஸ்டில் லைஃபுக்கு ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு கத்தரிக்காய், ஒரு வெள்ளைத் துணி போதும். பூங்கொத்து பிறகு வரட்டும். இத்தாலியின் பொலோன்யாவில் மொராண்டி சில பாட்டில்களையும் குவளைகளையும் மாற்றி மாற்றி அடுக்கியே பல பத்தாண்டுகள் வரைந்தார்.

2. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். வடக்கு ஜன்னலே சிறந்தது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பாதி வரை சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். திரை போட்டுவிட்டு ஒரு மேசை விளக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

3. உட்கார்ந்ததும் தூரிகையை எடுக்காதீர்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நிறம் மங்கி, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து முதலில் அந்த இருட்டுகளைப் போடுங்கள். பிறகு கத்தரிக்காயை உற்றுப் பாருங்கள். அதன் மினுமினுப்பு சுத்த வெள்ளை அல்ல. பகல் ஜன்னல் வெளிச்சமானால் லேசான நீலம். மிக அடர்ந்த இருட்டு ஓரத்தில் இல்லை, சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. காரணம், வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் காயின் அடி ஓரத்தை மங்கலான ஊதாவாக்குகிறது. சொம்பின் வயிற்றில் அதே காய் வளைந்த கருங்கோடாகத் தெரியும். சொம்பு துணியைத் தொடும் இடத்தில் மெல்லிய கரிய நிழல் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டால் சொம்பு அந்தரத்தில் மிதக்கும். லூவ்ரில் உள்ள ஷார்தனின் செம்புத் தண்ணீர்த்தொட்டி ஓவியத்தை அச்சிலாவது பாருங்கள். அத்தனை பெரிய செம்பில் பளபளப்பு எவ்வளவு கொஞ்சம்!

4. கறுப்பு டியூபை ஆறு மாதம் பெட்டியிலேயே வையுங்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும்.

5. எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணம்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. ஆகவே அடிப்பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக ஆளி விதை எண்ணெய் அதிகம். தலைகீழாகச் செய்தால் மேல்தோல் முதலில் இறுகி, அடி அசையும்போது வெடிக்கும். வார்னிஷுக்கு அவசரப்படாதீர்கள், ஆறு மாதமாவது போகட்டும்.

6. வாடுவதை முதலில் வரையுங்கள். சொம்பு அடுத்த வாரமும் அப்படியேதான் இருக்கும், கத்தரிக்காய் சுருங்கிவிடும்.

7. ஆசிரியர் உங்கள் கேன்வாஸிலேயே திருத்த வந்தால், "தனித்தாளில் காட்டுங்கள் ஐயா" என்று பணிவாகக் கேளுங்கள். அவர் கை பட்ட இடம் அழகாகும். ஆனால் அந்த இடத்தில் நீங்கள் கற்க வேண்டியது நின்றுபோகும். பக்கத்துக் கேன்வாஸைப் பார்த்தும் வரையாதீர்கள். அந்த நாற்காலியிலிருந்து தெரியும் சொம்பு வேறு.

8. இதை மட்டும் ஒருநாளும் மறக்கக் கூடாது. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே காற்றில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முக்கி வையுங்கள். அழுக்கு டர்பன்டைனைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.