குமிழ் சுழன்றும் மீடிறன் நகராதபோது

வீணைக்குப் பிரடை எதுவோ, வானொலிக் கருவிக்கு இசைவிப்புக் குமிழ் அதுவே. பிரடை வழுக்கினால் தந்தி சுருதியில் நில்லாது. வாசிப்பவர் எத்துணை வல்லுநராயினும் கச்சேரி கெடும். ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிரடை வழுக்கியதை வாசிப்பவர் உடனே அறிவார்; அவையோரும் அறிவர். குமிழின் பழுதோ பலவேளைகளிற் கருவியின் முன் அமர்ந்திருப்பவருக்கே புலப்படுவதில்லை. தாம் ஓரிடத்திற் பேசுவதாக எண்ணிக்கொண்டு அவர் வேறோரிடத்திற் பேசிக்கொண்டிருப்பார்.

அமெச்சூர் வானொலியாளருக்கு இது சிறு குறையன்று. நமது நாடு அடங்கிய மூன்றாம் வலயத்தில், நாற்பது மீற்றர் அலைக்கட்டில் அவர்க்கு உரிய எல்லை 7.000 மெகாஹேட்ஸ் முதல் 7.200 மெகாஹேட்ஸ் வரையேயாம். அதற்கு அப்பால் ஒலிபரப்பு நிலையங்கள் உள்ளன. எல்லை கடந்தால் உரிமம் பெற்றவரே பொறுப்பாளி. குமிழின்மேற் பழிபோட இயலாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமானிலே போட் பிளேயரில் வேறொரு நோக்கத்தோடு அமெச்சூர் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும், தொலைபேசி அற்றுப்போன தீவுகளின் செய்தியைப் பெருநிலத்திற்கு அனுப்பினர். அத்தகைய வேளையில் இரைச்சலினூடே மெலிந்து வரும் ஒரு குரலைத் தேடிப் பற்றுவன விரலும் குமிழுமே.

பழுது காண்பதற்கு முன், குமிழ் யாது செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். (மீடிறன் என்பது நமது பாடநூல்களிற் பயிலுஞ் சொல், தமிழகத்தார் அதிர்வெண் என்பர்.) பழைய வால்வுக் கருவிகளிற் பெரும்பாலும் குமிழின் அச்சு ஒரு மாறுங் கொள்ளளவியைச் சுழற்றும். நிலையான தகடுகளுக்கிடையே அசையுந் தகடுகள் புகுந்தும் விலகியும் கொள்ளளவத்தை மாற்றும். மீடிறனானது, சுருளின் தூண்டுதிறனையும் கொள்ளளவத்தையும் பெருக்கிவந்த தொகையின் வர்க்கமூலத்திற்கு நேர்மாறாக மாறும். ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 2 மைக்குரோஹென்றிச் சுருளும் 250 பிக்கோபரட் கொள்ளளவியுஞ் சேர்ந்தால் மீடிறன் ஏறத்தாழ 7.12 மெகாஹேட்ஸ். கொள்ளளவம் 251 பிக்கோபரட் ஆகட்டும். மீடிறன் ஏறத்தாழ 14 கிலோஹேட்ஸ் இறங்கிவிடும். ஒற்றைப் பக்கப் பட்டையிற் பேசும் ஒருவரின் குரல் கொள்ளும் இடமோ 3 கிலோஹேட்சுக்கு மேற்படாது. ஒரேயொரு பிக்கோபரட் பிழையினால் நால்வர் இருக்கையைத் தாண்டிவிடுகிறோம்! இதனாலேயே அக்கருவிகளிற் குமிழுக்கும் கொள்ளளவிக்கும் இடையே பற்சில்லுகளையும் இழைகளையும் வைத்துச் சுழற்சியைக் குறைத்தனர்.

இக்காலக் கருவியில் குமிழ் எந்தக் கொள்ளளவியையும் தொடுவதில்லை. அதன் பின்னே ‘என்கோடர்’ எனப்படும் சுழற்சி எண்ணி ஒன்று உண்டு. விளிம்பிலே பல துளைகளுள்ள ஒரு தட்டு சுழல, ஒளியானது துளைதோறும் புகுந்து மறையும். அதனை இரு கண்கள் காணும். இரு கண்களும் கால் அடி முன்பின்னாக நிறுத்தப்பட்டிருத்தலால், எந்தக் கண் முந்திக் கண்டது என்பதைக்கொண்டு குமிழ் வலமாகச் சுழன்றதோ இடமாகச் சுழன்றதோ என்பதைக் கருவி உணரும். சிறிய கருவிகள் சிலவற்றில் ஒளிக்குப் பதிலாக உலோகத் தொடுகைகள் அதே பணியைச் செய்யும். இந்த ‘இரு கண்’ என்பதை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனிப் பழுதைக் காண்போம். முதல் விதி, திருகாணிச் சாவியை எடாதிருத்தல். குமிழ் பயன்படவில்லை என்று கொண்டுவரப்படுங் கருவிகளுட் பல பழுதற்றவை. முகப்பிலுள்ள பூட்டுப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் குமிழ் எத்துணை சுழன்றும் எண் அசையாது. சேமித்த மீடிறன்களை அழைக்கும் நிலையிற் கருவி இருப்பினும், எதிர்பார்த்தவாறு குமிழ் இயங்காது. நகர்வின் அளவு ஒரு ஹேட்ஸ் என மிகச் சிறிதாக வைக்கப்பட்டிருந்தால், பல சுற்றின் பின்னும் முகப்பில் மாற்றம் அரிதாகவே தோன்றும். வாங்கும் மீடிறனை மட்டும் சிறிது விலக்கும் குமிழொன்று தனியே உண்டு. அது நடுநிலை தப்பியிருப்பின் எதிரிலுள்ளவர் நம்மை ‘விலகி ஒலிக்கிறீர்’ என்பார். நாமோ முதற் குமிழைக் குறை கூறுவோம்.

இவையெல்லாம் சரியெனின், குமிழையே நோக்குக. யான் அறிந்த மாணவர் கழகமொன்றில் ஒரு கருவி எட்டு மாதம் அலுமாரியிற் கிடந்தது. திருத்துநர் ஒருவர் முகப்புப் பலகை முழுவதையும் மாற்றவேண்டுமெனக் கூறியிருந்தார். அதற்குரிய பணம் கழகத்தில் இல்லை. ஒருநாள் மாணாக்கனொருவன் குமிழைச் சுற்றியிருந்த இறப்பர் வளையத்தைப் பொழுதுபோக்காக உரித்தான். உள்ளே நெல்மணியளவு திருகாணியொன்று தளர்ந்திருந்தது. குமிழ் சுழன்றது, அச்சு சுழலவில்லை. அறுகோணச் சாவியால் அரைச் சுற்று முறுக்கினான், கருவி பேசிற்று. அத்திருகாணி அச்சின் தட்டையான பக்கத்திற் பதிதல் வேண்டும். வளைந்த பக்கத்திற் பதிந்தால் மீண்டுந் தளரும். குமிழ் முகப்போடு உராயாதிருக்க, ஓர் அஞ்சலட்டையை இடையில் வைத்து முறுக்கிப் பின் அட்டையை உருவிவிடுதல் நன்று. குமிழ் இறுகிச் சுழன்றால், தடையைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியையோ நெம்பையோ முதலிற் பார்க்க. அதன் பின்னரே உலர்ந்த பசைநெய்யை ஐயுறுக.

குமிழும் அச்சும் சேர்ந்து சுழன்றும் மீடிறன் தாறுமாறாகப் பாய்ந்தால், பிழை சுழற்சி எண்ணியில் இருக்கலாம். இங்கேதான் அந்த இரு கண்கள் உதவும். மிக மெதுவாக ஒரே திசையிற் சுழற்றுக. எண் ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, நின்றவிடத்திலேயே ஊசலாடினால் ஒரு கண் குருடாகியது எனலாம். எப்பக்கஞ் சுழற்றினும் ஒரே பக்கம் ஓடுவதும் அக்குறையின் மற்றொரு வடிவமே. பெரும்பாலும் ஒழுங்காக ஓடி, இடையிடையே பின்வாங்கினால், தொடுகையிலோ தட்டிலோ அழுக்கு உண்டு. ஈரமும் உப்புங் கலந்த கடற்காற்று வீசும் ஊர்களில் இதனை முதலிலேயே எதிர்பார்க்கலாம்.

கருவியைத் திறக்குமுன் 13.8 வோல்ற்று மின்வழங்கியை முற்றாகக் கழற்றிவிடல் வேண்டும். வால்வுக் கருவியாயின் இன்னும் அஞ்சுதல் வேண்டும். அதன் செலுத்து வால்வுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ற்று ஊட்டப்படுகின்றது. மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் கொள்ளளவிகள் அம்மின்னைத் தாங்கிநிற்கும். அதனை இறக்கத் தெரியாத மாணாக்கர் அந்த மூடியைத் தனியே திறத்தல் ஆகாது. திறந்தபின் முதற்செயல், சுழற்சி எண்ணியிலிருந்து செல்லும் கம்பிச் செருகியை எடுத்து மீளச் செருகுவதே. அதனால் மட்டுமே தீர்ந்த பழுதுகள் உண்டு. தொடுகை வகைக்குத் தொடுகை துப்புரவாக்கும் தெளிநீர் சிறிது தெளித்து, குமிழை இருபுறமும் பலமுறை சுழற்றுக. ஒளி வகைக்கு அதனைத் தெளித்தலாகாது. சில கரைப்பான்கள் பிளாஸ்ரிக்கை மங்கச் செய்யும். காற்று ஊதினாலே போதும். தையல் இயந்திர எண்ணெய் வீட்டிலுண்டே என்று கை அதனை நாடும், நாடவிடாதீர். எண்ணெய் தூசியை அழைத்துக் குடியிருத்தும். பழைய கொள்ளளவியில் சுழற்றுந்தோறும் கரகரவென்று ஒலி எழுந்தால், தகடு தகட்டைத் தொடுகின்றது, அன்றி அச்சைத் தொடும் வில் அழுக்கேறியுள்ளது. தகட்டைக் கத்தியால் நிமிர்த்த முயல்வோர், முன் கூறிய ஒரு பிக்கோபரட் கணக்கை எண்ணிப்பார்க்க.

திருத்தியபின் சோதித்தல் எளிது. குமிழின் விளிம்பில் பென்சிலால் ஒரு புள்ளியிட்டு, முகப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மெதுவாகப் பத்துச் சுற்று வலமும் பத்துச் சுற்று இடமும் சுழற்றுக. புள்ளி பழைய இடத்திற்கு வந்தபோது எண்ணும் பழைய எண்ணாதல் வேண்டும். விரைவாகச் சுழற்றினால் நகர்வைத் தானே பெருக்கும் கருவிகள் உள; ஆதலின் ‘மெதுவாக’ என்றேன். பழைய கருவியாயின் 10 மெகாஹேட்ஸ் போன்ற நேரச் சமிக்ஞையொன்றை இடப்புறமிருந்து ஒருமுறையும் வலப்புறமிருந்து ஒருமுறையும் அணுகி, விசில் ஒலி அடங்கும் இடங்களை முகப்பளவில் ஒப்பிடுக. இரண்டிற்குமுள்ள வேறுபாடு பற்சில்லுகளின் தளர்ச்சி. அது ஒரு கிலோஹேட்சுக்கு உட்பட்டதாயின் அதனை ஏட்டிற் குறித்துவைத்து, அலைக்கட்டின் எல்லையிலிருந்து அவ்வளவு கூடுதலாக விலகிநின்று பேசுவதே போதும். மூடியை மீண்டுந் திறக்க வேண்டுவதில்லை.