முழுசாக ஆறக்கூடாத புண்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது, தறி நெய்கிறவர். கிளாக்கோமாவுக்காக மூன்று வாரம் முன்பு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. முதல் வாரம் கண் அழுத்தம் 12, இப்போது 24. "புண் சீக்கிரமே ஆறிவிட்டது, ஒரு தையலை லேசரில் வெட்டணும்" என்கிறார் டாக்டர். புண் ஆறினால் நல்லதுதானே? மதுரைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. இனி ராஜபாளையத்திலேயே காட்டலாமா? கண்ணும் தெளிந்துவிட்டதால் சொட்டு மருந்தை நிறுத்தலாமா?
- வாசகர், சுந்தரபாண்டியம்

பதில்: இந்த ஆபரேஷனில் மேல்தோல் ஆற வேண்டும், அடியில் போட்ட வழி ஆறி மூடிவிடக் கூடாது.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிய முடியாமல் அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு கெடும். வழக்கமான அளவு 10 முதல் 21 வரை. உங்கள் அப்பாவுக்குச் செய்திருப்பது 'டிராபெகுலெக்டமி'யாக இருக்க வேண்டும்; கேம்பிரிட்ஜ் டாக்டர் ஜான் கெய்ர்ன்ஸ் 1968-ல் வெளியிட்ட முறை. வெள்ளை விழியில் சிறு மூடி போல வெட்டி, அடியில் துளையிட்டு, மூடியை நைலான் நூலால் தைப்பார்கள். மூடியின் ஓரமாகக் கசியும் நீர், மேல் இமைக்கு அடியில் கொப்புளம் போலத் தேங்கி, மெல்ல உறிஞ்சப்படும்.

தோடு போடாமல் விட்ட காது தூர்ந்துபோவதுபோல, இந்த வழியையும் உடம்பு தழும்பு போட்டு அடைக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆபரேஷனின்போதே 'மைட்டோமைசின்' மருந்து வைப்பதும், பிறகு வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு விடுவதும். வயது குறைந்தவர்கள், முன்பே கண்ணில் ஆபரேஷன் ஆனவர்கள், பல வருடம் சொட்டு மருந்து விட்டவர்களுக்குத் தழும்பு அதிகம் விழும்.

ஆகவே சொட்டை நீங்களாக நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சிலருக்கு ஸ்டீராய்டே அழுத்தத்தை ஏற்றும் என்பதால், அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

தையல் வெட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மூடி தளர்ந்தால் நீர் மறுபடி வடியும். தழும்பு இறுகிவிட்டால் தையலை வெட்டியும் பெரிய பலன் இருக்காது; ஊசியால் தழும்பை விலக்கி மருந்து போட வேண்டிவரும். அதுவும் பலிக்காவிட்டால் வடிகுழாய் பொருத்தலாம். மதுரை ஆரோலேப் நிறுவனமே குறைந்த விலையில் ஒன்றைத் தயாரிக்கிறது.

அழுத்தத்தை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கொப்புளம் எப்படி இருக்கிறது, எந்தத் தையலை எப்போது வெட்டுவது என்பதை முதல் சில வாரம் ஆபரேஷன் செய்தவரே பார்ப்பது நல்லது. பிறகு உள்ளூர் டாக்டரிடம் தொடரலாமா என்று அவரிடமே கேட்டு, ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேல்தோல் ஆறாமல் நீர் ஒழுகினாலும் ஆபத்துதான். கண் தொய்ந்து பார்வை மங்கும். கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கூடாது. தறியில் எப்போது உட்காரலாம் என்றும் கேளுங்கள். கொப்புளம் மெலிந்தால் பல வருடம் கழித்துக்கூட கிருமி நுழையலாம். ஆபரேஷன் ஆன கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால் கடையில் சொட்டு வாங்கிப் போடாமல் அன்றைக்கே அருகிலுள்ள கண் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு மதுரைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.