ஓர் எழுத்தின் பணி

ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் பன்மை வடிவம் பெறும் வழிகள் பல. 'கிண்ட்' என்பது குழந்தை. 'கிண்டர்' என்பது குழந்தைகள். கையைக் குறிக்கும் 'ஹாண்ட்' என்னும் சொல், உயிரொலி திரிந்து, ஈறும் பெற்று, 'ஹெண்டெ' எனக் கைகளைக் குறிக்கும். 'லேரர்' என்னும் சொல்லோ ஆசிரியர் ஒருவரையும் பலரையும் குறிக்க மாறாது நிற்கும். ஆதலின், அம்மொழியைக் கற்போர் ஒவ்வொரு பெயரையும் அதன் பன்மையோடு சேர்த்தே மனத்திற் கொள்வர்.

பன்மை வடிவங்கள் பலவாயினும், நான்காம் வேற்றுமையில் அவை பெரும்பாலும் ஒரே நெறியில் வந்து கூடுகின்றன. தமிழில் 'கு' என்னும் உருபு உணர்த்தும் கொடைப்பொருளை உணர்த்த, பன்மைப் பெயரின் இறுதியில் 'ன்' என்னும் ஒலி சேர்கிறது. 'கிண்டர்ன்' என்றால் குழந்தைகளுக்கு என்பது பொருள். பன்மை வடிவம் முன்னரே 'ன்' என்றோ 'ஸ்' என்றோ முடியுமாயின், இவ்வொலி சேராது. மோட்டார் வண்டிகளைக் குறிக்கும் 'ஔட்டோஸ்' என்னும் சொல் நான்காம் வேற்றுமையிலும் அவ்வாறே நிற்கும்.

இவ்வோரெழுத்தின் பயன் சிறிதன்று. பெயருக்கு முன் வரும் சிறு சொல்லும் வேற்றுமையைக் காட்டுமெனினும், அஃது எப்பொழுதும் போதுமானதன்று. 'டேன் லேரர்' என்றால் 'ஆசிரியரை' என்று பொருள். 'டேன் லேரர்ன்' என்றால் 'ஆசிரியர்களுக்கு' என்று பொருள். முன் நிற்கும் சொல் இரண்டிடத்தும் ஒன்றே. ஒருவரைப் பலராக்குவதும், செயப்படுபொருளாய் நின்றவரைக் கொடை பெறுவோராக்குவதும் இறுதியில் நிற்கும் அவ்வெழுத்தே. அதனை விட்டெழுதுவோர் தாம் கருதிய பொருளையே இழப்பர். பிறமொழி கற்க விழைவோர் சிறிதென்று எவ்வெழுத்தையும் இகழலாகாது.