வாகனம் நிறுத்த இடமில்லாத வீடு: வாங்கலாமா?

திருகோணமலை நகருக்குள் ஒரு வீடு விலைக்கு வருகிறது. பாடசாலை பக்கத்தில் இருக்கிறது, வைத்தியசாலையும் தூரமில்லை, விலையும் உங்களால் சமாளிக்கக்கூடியது. ஆனால் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் அகலம் நான்கு அடிதான். ஓட்டோ உள்ளே போகாது. ஒழுங்கை முகப்பிலும் நிறுத்த இடமில்லை. இந்த வீட்டை வாங்கலாமா?

நிரந்தர வருமானமும் சேமிப்பும் உள்ள ஒருவருக்கு இது வசதி பற்றிய கேள்வி. மீளக்குடியமரும் குடும்பத்துக்கு அப்படியல்ல. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணி விடுவிக்கப்பட்ட பிறகு திரும்பிய குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். வயலும் படகும் கைவிட்டுப் போன இடத்தில், லீசிங்கில் எடுத்த ஒரு முச்சக்கர வண்டியே பல வீடுகளில் அடுப்பு எரியக் காரணம். அது இரவில் எங்கே நிற்கும் என்பது தெரியாமல் வீடு வாங்குவது, மாடு வாங்கிவிட்டுப் பட்டி எங்கே போடுவது என்று யோசிப்பது போன்றது.

நகருக்குள் இப்படிப்பட்ட வீடுகள் ஏன் இவ்வளவு இருக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. திருகோணமலை நகரம் ஒரு பக்கம் உள்துறைமுகத்துக்கும் மறுபக்கம் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது. அதிலும் பெரும் பகுதிகள் கோட்டை, கடற்படைத் தளம், துறைமுகம் என்று அரச பயன்பாட்டில் உள்ளன. மிஞ்சிய காணிகள் தலைமுறைக்குத் தலைமுறை சீதனமாகப் பிரிந்தன. இருபது பேர்ச்சஸ் வளவு பத்தாகி, பத்து ஐந்தாகும்போது வீட்டுக்கு இடம் விட்டார்கள். பாதைக்கு மிச்சம் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் வீட்டு வாசலுக்கு வரவேண்டியது சைக்கிள் மட்டும்தானே. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

முதலில் அளவை விளங்கிக்கொள்ளுங்கள். இங்கே ஓடும் பஜாஜ் வகை முச்சக்கர வண்டியின் அகலம் ஏறத்தாழ 4 அடி 3 அங்குலம், நீளம் 8 அடி 8 அங்குலம். ஆள் ஏறி இறங்க இடம் விட்டால் 10 அடிக்கு 6 அடி, அதாவது 60 சதுர அடி போதும். ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடி. ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது கால் பேர்ச்சஸை விடவும் குறைவான நிலம். “இடமில்லை” என்று விற்பவர் சொல்லும் வீட்டிலும் சில வேளை இடம் இருக்கும்: முன்மதிலை உடைத்துப் படலையை அகலமாக்கினால், பாவனையில் இல்லாத பழைய குளியல் தொட்டியை அகற்றினால் கிடைத்துவிடும். ஆனால் ஒழுங்கையே நான்கு அடி என்றால், வளவுக்குள் எவ்வளவு இடம் இருந்தும் பயனில்லை. எனவே வீட்டை அளக்கும் முன் ஒழுங்கையை அளவுங்கள். அதன் மிக ஒடுங்கிய இடத்தை, மின்கம்பமோ வடிகாலோ மதில் மூலையோ இருக்கும் இடத்தை அளவுங்கள். வாசலில் எட்டு அடி இருந்து நடுவில் நாலரை அடியானால், அந்தப் பாதையின் அகலம் நாலரை அடிதான். வளைவு இருந்தால் அளவுநாடாவை நம்பவேண்டாம். தெரிந்த ஒருவரின் வண்டியைக் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள்.

அளந்த பிறகு உறுதியை எடுங்கள். இந்தக் கட்டுரையில் நாங்கள் மிக வலியுறுத்த விரும்புவது இதைத்தான். கண்ணால் காணும் பாதை வேறு, உறுதியில் எழுதப்பட்ட பாதை வேறு. இப்போது ஓட்டோ தாராளமாகப் போகிறது என்பதால் நாளைக்கும் போகும் என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்துக் காணிக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் அவருடைய வெற்று வளவின் ஓரத்தை எல்லோரும் பாதையாகப் பாவித்து வந்திருக்கலாம். அவர் திரும்பி வந்து, தன் எல்லையில் மதில் கட்டினால் உங்கள் எட்டடிப் பாதை நான்கடி ஆகிவிடும். அவர் செய்தது பிழை என்றும் சொல்ல முடியாது. நீங்களும் பல ஆண்டுகள் கழித்து உங்கள் காணிக்குத் திரும்பி வந்தவர்தானே.

இலங்கையில் பாதை உரிமை பற்றிய சட்டம் உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து வருவது. பழைய உரோமர்களே மூன்று வகைப் பாதைகளைப் பிரித்து வைத்திருந்தார்கள்: ஆள் நடந்து போகும் பாதை, கால்நடை ஓட்டிச் செல்லும் பாதை, வண்டி போகும் பாதை. நடைபாதை உரிமை உள்ளவருக்கு வண்டி கொண்டுபோகும் உரிமை தானாக வராது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இந்தப் பிரிவு இன்று உங்கள் ஓட்டோவுக்கும் பொருந்தும். ஆகவே உறுதியின் அட்டவணையில் “பாதையும் கிணறும் பொது” என்பது போல ஒரு வரி மட்டும் இருந்தால் அது போதாது. அகலம் எவ்வளவு? நடந்து செல்லவா, வாகனத்துடன் செல்லவா? எந்த நில அளவைப் படத்தில் அது காட்டப்பட்டுள்ளது? இந்த மூன்றுக்கும் எழுத்தில் விடை வேண்டும்.

விற்பவர், “பக்கத்து வீட்டு ஐயா நல்லவர், நான் கதைச்சு வைச்சிருக்கிறன், அவரின்ர வளவுக்குள்ள விடலாம்” என்று சொல்லக்கூடும். ஐயா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி மீதான உரிமைகள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடப்பட்டால்தான் செல்லும். வாய்ச் சொல் அந்த ஐயா இருக்கும்வரைக்கும்தான். அவர் அந்தக் காணியை மகளுக்கு எழுதினாலோ விற்றாலோ, புதியவருக்கு அந்தச் சொல் கட்டாயமில்லை. அவர் உண்மையில் உடன்பட்டால், பாதை உரிமையை ஒரு உறுதியாக எழுதி, திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த ஆவணத்துக்கே முன்னுரிமை என்பதை 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது.

பத்து ஆண்டுகள் தடையின்றிப் பாவித்தால் உரிமை வந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அனுமதி கேட்டுப் பாவித்தது அந்தக் கணக்கில் சேராது. உரிமையோடு, எதிர்த்து நின்று பாவித்ததை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதைப் போல, வேறு வழியே இல்லாத காணிக்கு நீதிமன்றம் தேவைப் பாதை வழங்கலாம். ஆனால் அது தேவைக்குரிய அளவுக்கே வழங்கப்படும், வசதிக்காக அல்ல. நடந்து போக ஒரு வழி இருக்கும்போது, ஓட்டோவுக்கென்று இன்னொன்று கேட்பது கடினமான வழக்கு. வழக்குப் பேசித்தான் பாதை எடுக்கவேண்டும் என்றால், அந்த வீட்டின் விலை சொல்லப்பட்ட விலையல்ல.

இனி வாடகைக்கு இடம் எடுக்கும் யோசனைக்கு வருவோம். உதாரணத்துக்கு, ஒழுங்கை வீடு, வாகன இடமுள்ள இன்னொரு வீட்டைவிட எட்டு இலட்சம் ரூபா மலிவு என்று வையுங்கள். பக்கத்து வளவொன்றில் வண்டி விட மாதம் மூவாயிரம் ரூபா கேட்கிறார்கள். ஆண்டுக்கு 36,000, பத்து ஆண்டுக்கு 3,60,000. கணக்குப்படி ஒழுங்கை வீடே இலாபம். இந்தக் கணக்கில் பிழை இல்லை, ஆனால் ஒரு விடயம் விடுபட்டுள்ளது. வீடு உங்களுடையது; வாடகை இடம் உங்களுடையதல்ல. அடுத்த மாதமே “தம்பி, மகன் கார் எடுத்திட்டான், இனி வேற இடம் பாருங்கோ” என்று சொல்லிவிடலாம். அப்போது உங்களுக்கு இரண்டாவது இடம் இருக்கிறதா? இருக்கிறது என்றால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரே ஒரு இடத்தை நம்பி வாங்காதீர்கள்.

வீதியோரத்தில் விடுவதும் ஒரு வழிதான், பலர் விடுகிறார்கள். நகரின் பிரதான வீதிகளில் நிறுத்தத் தடை எங்கே உள்ளது என்று பாருங்கள். கோயில் வீதியில் விடுவதானால் திருவிழா நாட்களில் எடுக்கவேண்டி வரும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று தகட்டைத் தின்னும். பற்றரி களவு போகும் பயமும் உண்டு. களவுக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதை உங்கள் காப்புறுதிப் பத்திரத்தைப் படித்து, விளங்காவிட்டால் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி களவு போனாலும் லீசிங் தவணை நிற்காது.

ஜப்பானில் 1962 ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் இருக்கிறது: கார் வாங்குபவர் அதை நிறுத்த வீதிக்கு வெளியே இடம் இருப்பதைக் காட்டவேண்டும். எங்கள் ஊரில் அப்படி யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. லீசிங் தருபவரும் கேட்கமாட்டார், வீடு விற்பவரும் கேட்கமாட்டார். கேட்கவேண்டியவர் நீங்கள் மட்டுமே.

மீன்பிடிக் குடும்பங்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு ஓட்டோ இல்லாதிருக்கலாம், ஆனால் பைபர் படகின் இஞ்சினை இரவில் கரையில் விட்டுவர மாட்டீர்கள். அதையும் மண்ணெண்ணெய்க் கலன்களையும் வலையையும் அதிகாலையில் ஒழுங்கை வழியாகத் தோளில் தூக்க முடியுமா? மோட்டார் சைக்கிள் வாசல்வரை வந்தால் சமாளிக்கலாம். ஒழுங்கையில் படிக்கட்டு இருந்தால், உவர்மலைச் சரிவுகளில் இருப்பதுபோல, இன்னொரு முறை யோசியுங்கள்.

சொந்த வாகனமே இல்லாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் வாசலுக்கு வரவேண்டிய வாகனம் எப்போதும் உங்களுடையதாக இருக்காது. 1990 அம்புலன்ஸ் எங்கே வந்து நிற்கும்? அங்கிருந்து நோயாளியைத் தூக்கிவர எவ்வளவு தூரம்? மலக்குழி நிறைந்தால் கலி பவுசரின் குழாய் வீடுவரை எட்டுமா? இதைச் சபையில் முன்கூட்டியே கேளுங்கள். எட்டாத வீடுகளில் மழைக்காலத்தில் படும் பாட்டை அயலவர்களே சொல்வார்கள். வீடு திருத்தக் கல்லும் மணலும் சீமெந்தும் ஒழுங்கை முகப்பில் இறங்கினால், அங்கிருந்து சுமந்து வரும் கூலியையும் மதிப்பீட்டில் சேருங்கள். வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவரோ, போரில் காலை இழந்தவரோ இருந்தால் எங்கள் கருத்து இன்னும் கண்டிப்பானது: வாசலுக்கு வாகனம் வராத வீடு வேண்டாம்.

இவ்வளவும் சொன்னதால் ஒழுங்கை வீடுகளே ஆகாது என்று எண்ணவேண்டாம். கடையில், அலுவலகத்தில், தையல் வேலையில் இருப்பவர்களுக்கு, நடந்தே எல்லாம் முடிகிற குடும்பத்துக்கு, பிள்ளைகள் பயமின்றி விளையாடும் வாகனமற்ற ஒழுங்கை ஒரு பாக்கியம். நகருக்கு வெளியே பெரிய வளவு வாங்கி, பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் தினம் கொடுக்கும் காசில் பிள்ளைகளின் படிப்பு அடிபடுவதைவிட இது மேல். அப்படியானவர்கள் இடமில்லாமையை விலை குறைக்கும் காரணமாகத் தயங்காமல் பேசுங்கள். பிறகு நீங்கள் விற்கும்போது வாங்க வருபவரும் அதையே சொல்லப்போகிறார். ஓட்டோவோ பட்டா வாகனமோ ஓடிப் பிழைப்பவர்களுக்கு மட்டும் எங்கள் ஆலோசனை வேறு: எழுத்தில் உறுதியான இடம் இல்லையென்றால், கொஞ்சம் தள்ளி, பாலையூற்று, செல்வநாயகபுரம் போன்ற பக்கங்களில் தேடுங்கள்.

முடிவெடுக்கும் முன் அந்த இடத்துக்கு மூன்று தரம் போங்கள். இரவு எட்டு மணிக்குப் போனால் அயலவர்களின் வாகனங்கள் எங்கே நிற்கின்றன என்று தெரியும். பாடசாலை விடும் நேரத்தில் ஒரு தரம். மார்கழி மழைக்குள் ஒரு தரம் போக முடிந்தால் ஒழுங்கை வாய்க்காலாகிறதா என்பதும் தெரிந்துவிடும். அயலவர்களிடம் விலையைப் பற்றிக் கேட்கவேண்டாம். பாதையில் எப்போதாவது பிரச்சினை வந்ததா என்று கேளுங்கள். “அந்த 66 வழக்கு முடிஞ்சுதோ தெரியாது” என்று யாராவது சொன்னால் உடனே நில்லுங்கள். 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில், காணித் தகராறு சமாதானத்தைக் குலைக்கும் நிலைக்கு வந்தபோது பொலிசார் கொண்டுபோகும் வழக்கு அது. பாதைத் தகராறுகளும் அதில் வரும்.

ஆவணங்களில், உள்ளூராட்சி சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுக்கத் தவறாதீர்கள். நீங்கள் வண்டி விட நினைத்த முன்வளவே நாளைய வீதி அகலிப்புக்குள் அடங்குகிறதா என்பதை அது காட்டும். காணி உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பதையும் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்க முடியாது. துறைமுகத்தை அண்டிய இடங்களில் வீடு விற்பவருடையதாகவும் நிலம் அரசினதாகவும் இருக்கக்கூடும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாவிட்டால், குறைந்த வருமானமுள்ளோருக்கு உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

முற்பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் நொத்தாரிசிடம் சொல்லி இரண்டு விடயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாதையின் அகலத்தை அடிக்கணக்கில் குறிப்பிட்டு, “நடந்தும் வாகனங்களுடனும் சென்றுவரும் உரிமை” என்ற சொற்கள் விற்பனை உறுதியின் அட்டவணையில் இடம்பெறும் என்பது. மற்றது, அப்படி எழுத முடியாதென்று பிறகு தெரியவந்தால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்பதும் அதற்கான திகதியும். விற்பவர் இரண்டாவதுக்கு மறுத்தால், முதலாவதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று அங்கேயே கேளுங்கள்.