எது உண்மையான கார்?

பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 1923-இல் ஒரு கார்ப் பந்தயம் தொடங்கியது. இரவு பகலாக இருபத்து நான்கு மணி நேரம் ஓடி, மிகுதியான தொலைவைக் கடக்கும் வண்டியே அதில் வெற்றி பெறும். 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்றது இங்கிலாந்தின் ஜாகுவார் டி-டைப். அத்தகைய பழங்காரைப் புதுப்பிப்பது எவ்வாறு?

முதலில் அதன் அமைப்பைக் காண்போம். விமானத் தொழிற்சாலையில் முன்பு பணியாற்றிய மால்கம் சேயர் இதன் உடலை வடிவமைத்தார். ஓட்டுநர் அமரும் நடுப்பகுதி அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆன கூடு; விமானத்தில் போலவே அத்தகடுகளே பாரத்தைத் தாங்கும். என்ஜினைத் தாங்கும் முன்சட்டம் 1954-இல் கூட்டுடன் பற்றவைக்கப்பட்டிருந்தது. 1955 முதல் அது எஃகுக் குழாய்களால் செய்யப்பட்டு, போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. நசுங்கினால் கழற்றி மாற்றுவது எளிதாயிற்று.

எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன நேரும்? வேதியியல் வகுப்பில் நாம் படித்த மின்கலமே அங்கு உருவாகும். அலுமினியம் எலக்ட்ரான்களை இழந்து அரிபடும். எனவே இணைப்பைப் பிரித்து, அரிப்பை நீக்கி, இரண்டுக்கும் இடையே காப்புப் பூச்சு இடவேண்டும். நுண்ணிய வெடிப்புகளைக் காண, சாயத் திரவத்தைத் தடவித் துடைப்பர். மேலே வெண்பொடி தூவினால், வெடிப்பினுள் தங்கிய சாயம் கசிந்து கோடாகத் தெரியும்.

இனித்தான் சிக்கல். போல்ட்டைக் கழற்றுவது எளிதாகையால், சில கார்களின் கூடு ஒருவரிடமும் முன்சட்டம் வேறொருவரிடமும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் கொண்டு ஒரு முழுக் கார் எழுந்தது. அவற்றுள் பந்தயத்தில் ஓடியது எது? அவ்வாறு பிரியாமல் நிலைத்த ஒன்று, 1956-இல் எடின்பரோக் குழுவினருக்கு வெற்றி தேடித் தந்த எக்ஸ்.கே.டி. 501. அது 2016-இல் ஏறத்தாழ 2.18 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று.

என் தந்தை லாரிப் பட்டறைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதையெல்லாம் பெருமையுடன் அவரிடம் விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றே: "கழட்டின பழைய சாமானை வண்டிக்காரர்கிட்ட ஒப்படைச்சாங்களாப்பா?"

பட்டறையில் அதுதான் நாணயம். தேய்ந்ததை மாற்றலாம்; மாற்றியதை மறைக்கலாகாது. எதைக் கழற்றினோம், எதைப் பொருத்தினோம் என்று எழுதி வைத்து, பழைய பாகத்தையும் காத்து வைத்தால், எது உண்மையான கார் என்ற வழக்கே எழாது. நான் நூல்களில் தேடிய விடை, கிரீசு படிந்த அந்தக் கைகளில் இருந்தது.