நெஞ்சில் எழுந்த கோயில்

காட்டுப்பாக்கத்திற்குத் தென்மேற்கே குன்றத்தூர். வடமேற்கே ஆவடியைக் கடந்தால் திருநின்றவூர். முன்னது பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். பின்னது, அவர் பாடிய அடியார் அறுபத்து மூவருள் ஒருவராகிய பூசலார் வாழ்ந்த ஊர்.

பூசலார் சிவபெருமானுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். பொருள் தேடி அலைந்தும் கிடைக்கவில்லை. ஆகவே, மனத்திலேயே கட்டத் துணிந்தார். சேக்கிழார் இதனை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடவில்லை. பூசலார் வேண்டிய பொருள்களை நினைவினால் திரட்டுகிறார்; தச்சரை அமர்த்துகிறார்; நல்ல நாள் பார்த்து அடித்தளம் இடுகிறார்; இரவிலும் உறங்காமல் வேலையைத் தொடர்கிறார். விமானம் உயர்கிறது, சுதைவேலை நடைபெறுகிறது, மதிலும் கிணறும் குளமும் அமைகின்றன.

மாணவர் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மனக்கோயிலுக்கு மேற்பார்வையாளர் இல்லை. ஒரு நொடியில் முழுக் கோயிலையும் நினைத்து முடித்திருக்கலாம். அடித்தளத்தின் ஆழத்தை அளப்பவர் எவர்? ஆயினும் பூசலார் ஒரு கல்லையும் குறைக்கவில்லை. யாருக்காகக் கட்டினாரோ அவரே உள்ளிருந்து காண்பவர் என்பதை அறிந்திருந்தார். உள்ளிருக்கும் அந்தச் சாட்சியையே மனச்சான்று என்கிறோம். வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், பொய்யுரைத்தவனைத் தண்டிக்கும் பொறுப்பை அரசனிடம் விடாமல் அவன் உள்ளத்திடமே ஒப்படைக்கிறார்.

அதே வேளையில், காஞ்சியில் பல்லவ மன்னர் கற்றளி ஒன்றை எழுப்பியிருந்தார். 8ஆம் நூற்றாண்டில் இராசசிம்மன் கட்டிய கயிலாசநாதர் கோயிலே அது என்பர். குடமுழுக்குக்கு முதல்நாள் இரவு இறைவன் மன்னர் கனவில் தோன்றி, நாளை பூசலாரின் கோயிலில் புகவிருப்பதால் வேறு நாள் குறிக்குமாறு பணித்தார். மன்னர் நின்றவூருக்கு வந்து வினவ, அப்படியொரு கோயிலே இல்லை என்றனர் ஊரார். ஊரார் பொய் சொல்லவில்லை, கனவும் பொய்க்கவில்லை. பூசலாரிடமே கேட்டு உண்மை உணர்ந்த மன்னர், அவரை நிலமுற வணங்கித் திரும்பினார்.

1933ஆம் ஆண்டு மே 8 அன்று காந்தியடிகள் 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். உள்ளிருந்து ஒரு குரல் தம்மைப் பணித்ததாகக் கூறினார். கடவுளின் குரல், மனச்சான்று, உண்மை யாவும் தமக்கு ஒன்றே எனவும் எழுதினார். அவ்வாறாயின், மனம் விரும்புவதையெல்லாம் கடவுளின் குரல் என்று கொள்ளலாமா? அக்குரலைக் கேட்கத் தன்னடக்கமும் நெடிய பயிற்சியும் வேண்டும் என்பது அவர் கருத்து. விருப்பம் பெரும்பாலும் எளிய வழியையே காட்டும். பூசலாரையோ உள்ளிருந்தவர் உறங்கவும் விடவில்லை.

திருநின்றவூரில் இன்று கல்லால் ஆன கோயில் உண்டு. அங்குள்ள இறைவனின் பெயர் இருதயாலீசுவரர். கருவறையில் பூசலாரின் திருவுருவமும் உடன் இருக்கிறது.