மழைக்கு முன் கூரையைப் பாருங்கள்
வீட்டினுள் இருந்தே ஒழுக்கைக் கண்டறியும் முறைகள்

விதையைத் தேர்ந்தெடுப்பதிலும், காய வைப்பதிலும், பூச்சி அண்டாமல் காப்பதிலும் நீங்கள் மிகுந்த அக்கறை காட்டுகிறீர்கள். ஆனால் அந்த விதை மூட்டைக்கு மேலே இருக்கும் கூரையை, மழை பெய்து சொட்டு விழுந்த பிறகே பலர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதற்குள் விதை நனைந்து விடுகிறது.

நம் மாநிலத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைக்கிறது. மார்கழிப் பட்டத்தில் விதைக்க வேண்டிய நிலக்கடலையும், தை மாதத்தில் நெல் தரிசில் தெளிக்க வேண்டிய உளுந்தும் பயறும் இம்மூன்று மாதங்களிலும் வீட்டில்தான் இருக்கின்றன. ஆகவே ஆவணி, புரட்டாசி மாதங்களிலேயே கூரையைச் சோதித்து, ஒழுக்கு இருக்கும் இடத்தைக் கண்டு அடைத்து விட வேண்டும். இச்சோதனையில் பெரும் பகுதியைக் கூரை மீது ஏறாமல், வீட்டினுள் இருந்தே செய்து விடலாம்.

ஒரு சொட்டு என்ன செய்யும்?

விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் கூரை ஒழுகுவதாகக் கொள்வோம். சுமார் 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். பத்து மணி நேரத்தில் 36,000 சொட்டுகள், அதாவது 1.8 லிட்டர் தண்ணீர் விழுகிறது. இது 30 கிலோ உளுந்து விதை உள்ள மூட்டையின் மீது விழுந்தால், 9 சதமாக இருந்த ஈரப்பதம் 14 சதத்திற்கு மேல் உயர்ந்து விடும். இது தண்ணீர் மூட்டை முழுவதும் சமமாகப் பரவினால் வரும் கணக்கு. உண்மையில் சொட்டு விழும் இடத்தில் உள்ள விதைகள் ஊறி முளை கட்டும், அல்லது அழுகும். அவற்றிலிருந்து வெப்பமும் ஈரமும் பக்கத்து விதைகளுக்குப் பரவும்.

சாதாரணச் சாக்கில் சேமிக்கும்போது நிலக்கடலை, உளுந்து விதைகளில் ஈரப்பதம் 9 சதத்திற்கும், நெல் விதையில் 13 சதத்திற்கும் மேற்படக் கூடாது என்பது விதைச் சான்றளிப்புத் தரம். விதையின் ஈரப்பதம் ஒரு சதம் குறைந்தால் அதன் ஆயுட்காலம் இரு மடங்காகும் என்பது விதை நூலார் பொதுவாக ஏற்றுக் கொண்ட விதி. ஒரு சதம் கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பதும் அதே விதியின் மறுபக்கம்.

முளைப்புத்திறன் குறைவது மட்டுமே இழப்பு அன்று. ஈரம் பட்ட நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் வளர்ந்து அப்ளாடாக்சின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும். வேக வைத்தாலும் வறுத்தாலும் இந்நச்சு முற்றிலும் நீங்குவதில்லை. 1974-ஆம் ஆண்டு இறுதியில் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சில மாவட்டங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் நோய் கண்டு இறந்தனர். ஆகவே கூரை ஒழுக்கைச் சிறிய தொல்லை என்று எண்ணி விட்டு விடக் கூடாது.

சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு

ஒழுக்கைத் தேடுபவர்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதுதான். தண்ணீர் ஓட்டை வழியே புகுந்த உடனே கீழே விழுவதில்லை. ஓட்டின் அடிப்பக்கத்திலோ, ரீப்பரிலோ, கைமரத்திலோ ஒட்டிக் கொண்டு சரிவின் வழியே ஓடி, ஒரு முடிச்சு, ஆணி அல்லது மரங்கள் சேரும் இடம் வந்தவுடன்தான் சொட்டுகிறது. இடையில் பல அடி தூரம் இருக்கலாம். சொட்டு விழும் இடத்திற்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றிய பிறகும் ஒழுக்கு நிற்கவில்லை என்று பல உழவர்கள் கூறுவதற்கு இதுவே காரணம்.

தண்ணீர் சரிவில் மேல் நோக்கி ஏறாது. எனவே சாய்வான கூரையில், சொட்டும் இடத்திலிருந்து மோட்டுவளை இருக்கும் பக்கமாக, கைமரத்தின் மேல் விளிம்பைப் பார்த்துக் கொண்டே செல்ல வேண்டும். ஈரத்தடம் அல்லது பழுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ, அதை ஒட்டியே ஓட்டை இருக்கும்.

முதற் சோதனை: கறைகளைப் பார்த்தல்

மழையில்லாத நாளில், நல்ல வெளிச்சம் தரும் டார்ச் விளக்குடன் அறை அறையாகப் பார்க்கவும். கூரை வீட்டில் சிம்னி, மெழுகுவர்த்தி போன்றவற்றைத் தூக்கிப் பிடித்துத் தேடக் கூடாது. கீழ்க்காணும் அடையாளங்கள் கிடைக்கும்.

1. பழுப்பு வளையம்: தளத்திலோ சுவரிலோ காணும் வளையத்தின் விளிம்பு கருத்திருக்கும். ஒன்றினுள் ஒன்றாகப் பல வளையங்கள் இருந்தால் அவ்விடம் பல முறை நனைந்து காய்ந்துள்ளது என்று பொருள்.

2. வெள்ளைப் பொரிப்பு: காரையில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தால், அதன் வழியே தண்ணீர் வந்து உலர்ந்திருக்கிறது.

3. துருக்கறை: கான்கிரீட் தளத்தில் செந்நிறக் கோடு தெரிந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கி விட்டது. காரை பெயர்ந்து விழுமுன் கவனிக்க வேண்டும்.

4. மண் தடம்: மண் சுவரிலும் சுண்ணாம்பு அடித்த சுவரிலும் மேலிருந்து கீழாக ஒழுகிய கோடு.

5. தரைக் குழி: சாணம் மெழுகிய தரையில் விரல் நுனி அளவான சிறு குழிகள். இவை சென்ற ஆண்டின் சொட்டுகள் விழுந்த இடங்கள்.

6. மரத்தின் நிலை: கருத்த பகுதியை ஆணியால் குத்திப் பார்க்கவும். எளிதில் இறங்கினால் மரம் மக்கி விட்டது. ஈர மரத்தைக் கரையானும் நாடி வரும்.

7. வாடையும் ஓசையும்: பூட்டிய அறையைத் திறந்தவுடன் மக்கல் வாடை வந்தால் எங்கோ ஈரம் உள்ளது. காரையைக் கம்பால் மெல்லத் தட்டும்போது பொள்ளலான ஓசை கேட்டால் பூச்சு விட்டுப் போயிருக்கிறது.

கறை கண்ட இடத்தை எல்லாம் கரித்துண்டால் வட்டமிட்டு, தேதியும் எழுதி வைக்கவும். அடுத்த மழைக்குப் பின் கறை வட்டத்தைத் தாண்டினால் ஒழுக்கு இன்னும் நிற்கவில்லை.

இரண்டாம் சோதனை: இருட்டில் ஒளியைத் தேடுதல்

இது ஓட்டு வீட்டிற்கும், கீற்று அல்லது பனையோலைக் கூரைக்கும், தகரக் கூரைக்கும் ஏற்றது. வெயில் நன்றாக உள்ள உச்சி வேளையில் கதவு, சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் தொங்க விட்டு அறையை இருட்டாக்கவும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். பிறகு அண்ணாந்து பார்த்தால் ஓட்டைகள் ஒளிப் புள்ளிகளாகத் தெரியும்.

ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் ஈர்க்கை உள்ளிருந்து செருகி வைக்கவும். கூரை மேல் ஏறுபவர், வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் ஈர்க்கைக் கண்டு இடத்தைத் தவறாமல் அறிந்து கொள்ளலாம். கூரை மேல் வீணாக நடந்து ஓடுகளை உடைப்பதும் குறையும்.

கீற்றுக் கூரையில் ஒளி தெரிந்தால் அது ஒழுகும் இடமே. சீமை ஓட்டில், ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் விளிம்பில் மெல்லிய கீற்றாக ஒளி தெரிவது இயல்பு. அது எல்லாம் ஒழுகாது. புள்ளியாகவோ, விரிசல் கோடாகவோ, ஓடு நகர்ந்த சந்தாகவோ தெரிவதையே கணக்கில் கொள்ளவும். மோட்டு ஓடுகளின் அடியையும், இரண்டு சரிவுகள் கூடும் பள்ளமான மூலையையும், சுவரும் கூரையும் சேரும் இடத்தையும் இரு முறை பார்க்கவும். பெரும்பாலான ஒழுக்குகள் இம்மூன்று இடங்களில்தான் காணப்படுகின்றன.

மூன்றாம் சோதனை: தண்ணீர் ஊற்றிப் பார்த்தல்

கறை இருந்து, ஒளி தெரியாத இடங்களுக்கு இச்சோதனை தேவை. ஒருவர் ஏணியில் நின்று குழாயாலோ பூவாளியாலோ தண்ணீர் விட வேண்டும். மற்றொருவர் வீட்டினுள் நின்று பார்க்க வேண்டும். கூரையின் தாழ்ந்த பகுதியில் தொடங்கி, ஓர் இடத்தில் பத்து நிமிடம் தண்ணீர் விட்ட பிறகே சற்று மேலே செல்ல வேண்டும். முதலிலேயே மோட்டில் ஊற்றி விட்டால் கூரை முழுவதும் நனைந்து, ஓட்டை எது என்று தெரியாமல் போகும். உள்ளே இருப்பவர் சொட்டைக் கண்டவுடன் குரல் கொடுத்தால், அப்போது தண்ணீர் விழுந்து கொண்டிருக்கும் இடமே ஓட்டை. சோதனைக்கு முன் விதை மூட்டைகளை வேறிடம் மாற்றி விடவும்.

கான்கிரீட் தளத்தில் வடிகுழாயை அடைத்து ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் வைத்திருந்து அடியில் பார்க்கலாம். 400 சதுர அடித் தளத்தில் இத்தண்ணீரின் எடை ஒரு டன்னை நெருங்கும். எனவே பழைய மெட்ராஸ் தளத்திலும், கம்பி வெளியே தெரியும் தளத்திலும் இதைச் செய்யக் கூடாது. அங்கு வடிகுழாய் வாய், கைப்பிடிச் சுவரின் அடி, தட்டோடுகளின் சந்து, அரசங்கன்று முளைத்த இடம் ஆகியவற்றை மட்டும் நனைத்துப் பார்த்தால் போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் போல்ட் துளைகளையும், தகடுகள் படியும் இடத்தையும் ஏணியில் நின்றே நோக்கவும். தகட்டின் மீது கால் வைக்கக் கூடாது. உடைந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதைச் சுரண்டவோ, அறுக்கவோ, உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது. அதன் நார்த்தூசி நுரையீரலில் புற்றுநோய் முதலிய கொடிய நோய்களை உண்டாக்கும்.

நான்காம் சோதனை: மழையின்போது கவனித்தல்

ஆவணி, புரட்டாசியில் மாலை வேளைகளில் பெய்யும் இடிமழை இயற்கை தரும் சோதனை ஆகும். மழை தொடங்கிய சில நிமிடங்களில் சொட்டினால் ஓட்டை நேரானது, பெரியது. ஓரிரு மணி கழித்துச் சொட்டி, மழை விட்ட பின்னும் தொடர்ந்தால் தளத்திலோ கீற்றிலோ தண்ணீர் ஊறி வருகிறது. காற்று வீசும்போது மட்டும் ஒழுகினால் சாரல் புகும் பக்கத்தைப் பார்க்கவும்.

சொட்டும் இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் நுனியைப் பாத்திரத்தில் விட்டால் தண்ணீர் கயிறு வழியே இறங்கும். விளக்கு, சுவிட்ச், மின்கம்பி இருக்கும் இடத்தில் ஒழுகினால், கையும் காலும் உலர்ந்த நிலையில் மெயின் சுவிட்சை நிறுத்தவும். மெயின் பலகையே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மின் பணியாளரை அழைக்கவும்.

ஒழுக்கு அல்லாத ஈரம்

எல்லா ஈரத்திற்கும் கூரை காரணம் அல்ல. தரையிலிருந்து மேல் நோக்கி இரண்டு, மூன்று அடி வரை மட்டும் சுவர் ஈரமாக இருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். மழையே இல்லாத பனிக்காலக் காலையில் தகரக் கூரை முழுவதும் துளிர்த்துச் சொட்டினால், அது உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராக மாறியது. இதற்குக் காற்றோட்டமே மருந்து. ஓட்டையைத் தேடிப் பயனில்லை. ஆனால் விதை நனைவது இரண்டிலும் ஒன்றுதான். எனவே மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, மரச்சட்டங்களின் மேல் அடுக்கவும்.

நனைந்து விட்டால்

நனைந்த மூட்டையை அன்றே பிரித்து, ஈரமான பகுதியைத் தனியே எடுத்து விடவும். விதையை மெல்லிய பரப்பாகப் பரப்பி, உச்சி வெயிலைத் தவிர்த்து, காலை, மாலை இளவெயிலில் உலர்த்தவும். பிறகு 100 விதைகளை ஈரச்சாக்கில் முளைக்க விட்டுப் பார்க்கவும். உளுந்தில் 75, நிலக்கடலையில் 70 விதைகளுக்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேட இன்னும் நாள் இருக்கும். பூசணம் பிடித்த கடலையை மாட்டிற்கும் போட வேண்டாம். அந்நச்சு பாலில் வந்து, வீட்டுக் குழந்தைகளுக்கே போய்ச் சேரும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. ஆவணியில் கறைகளையும் ஒளிப் புள்ளிகளையும் பார்த்து அடையாளமிடுக.
2. புரட்டாசி முதல் வாரத்தில் தண்ணீர் விட்டுச் சோதித்து, கூரை உலர்ந்துள்ளபோதே ஓடு மாற்றுதல், கீற்றுச் செருகுதல், விரிசல் அடைத்தல் ஆகியவற்றை முடித்து விடுக.
3. சொட்டும் இடத்திலிருந்து மோட்டுப் பக்கமாகத் தேடுக.
4. தார்ப்பாயை நம்பி ஒழுக்கை விட்டு வைக்க வேண்டாம். தார்ப்பாய் மூடிய மூட்டையில் ஏற்கனவே ஈரம் இருந்தால் அது வெளியேற வழியின்றிப் புழுங்கும்.
5. ஐப்பசி பிறக்குமுன் விதை மூட்டைகளை, கறையே இல்லாத இடத்திற்கு மாற்றுக.

இச்சோதனைகளுக்குத் தேவையானவை ஒரு டார்ச் விளக்கு, ஒரு கரித்துண்டு, சில ஈர்க்குகள், வீட்டில் ஓர் ஆள் துணை, அரை நாள் உழைப்பு ஆகியவையே. அடைமழை நாளில் மூட்டையை அறை மாற்றி அறை இழுத்து அல்லற்படுவதைவிட இது எளிது. இந்த ஆண்டு உங்கள் விதை உலர்ந்தபடியே தை மாதத்தைக் காணட்டும்.